கூடம் கோணல்

நாச்சிமுத்துவின் வலது கால் பிரேக்கைத் தேடியது. கிடைக்காமல் வெறும் தரையை ஒரு மிதி மிதித்தது. தரையை மிதித்தால் மெஷின் நிற்குமா? அது பாட்டுக்கு இன்னும் நாலு விரல் தூரம் டகடகவென்று தைத்துக்கொண்டு போய், கைப்பிடியில் இருந்த பொத்தானை அவர் அமுக்கிய பிறகுதான் நின்றது. முப்பத்தோரு வருஷம் கரூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் அரசு பஸ் ஓட்டிய கால் அது. ஆளுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது. காலுக்கு மட்டும் இன்னும் ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்து சேரவில்லை. சேராவிட்டால் போகட்டும், கால் ஆடினால் யார் பார்க்கப்போகிறார்கள், இப்போது பிரச்சினை காலா என்று நினைத்தவர், அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினார். நினைப்புக்காவது பிரேக் இருந்தது. வெங்கமேட்டில் அவர் வீட்டுக் கூடத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அடைத்துக்கொண்டு நிற்கிறது மெஷின். பத்தடி நீள இரும்புச் சட்டம், சட்டத்தில் மூன்று உருளை, உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணி, துணிக்கு மேலே நீளக் கழுத்தை நீட்டிக்கொண்டு தையல் தலை. வந்தவர்கள் எல்லாம் இது என்ன ஆஸ்பத்திரிக் கட்டிலா என்று கேட்கிறார்கள். சோபா வாசலுக்குப் போய்விட்டது, டிவி சுவரில் ஏறிவிட்டது, சாப்பாட்டு மேசை யாருக்கோ தானமாகிவிட்டது. எங்கேயோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடும்போது குடோனில் கிடந்த பழைய மெஷின். பூவாத்தாள்தான் கண்டுபிடித்தாள். இருபத்திரண்டு வருஷம் துணியில் பிழை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றே முழங்கால் தேய்ந்த பூவாத்தாள், அவருடைய மனைவி. 'நீங்க ஆயுசுக்கும் உக்காந்தீங்க, நான் ஆயுசுக்கும் நின்னேன். நான் உக்காந்து துணியை ஒட்டுப் போடறேன், இனி நீங்க நின்னு மெத்தையாத் தையுங்க' என்று அவள் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. அதைவிட, சாதாரண தையல் மெஷினில் துணிதான் நகரும். இதில் துணி படுத்தே கிடக்கும், மெஷின்தான் அதன் மேல் ஓடும், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று கேட்டதும் அவருக்குள்ளே ஒரு ஹாரன் அடித்தது. ரோடு படுத்துக் கிடக்கிறது, வண்டி போகிறது. இதைத்தானே இத்தனை வருஷம் செய்தோம்.

மெஷின் வந்திறங்கிய அன்றைக்கு அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூவாத்தாள் முழித்தாள். 'எதுக்கடியில வெக்கறதுங்க? சக்கரம் எங்கீங்க இருக்குது?' என்றாள். 'சக்கரம் வெச்சு நசுக்கறதுக்கு இதென்ன லாரியா? சூஸ் போடு போ' என்று சொல்லிச் சிரித்தார். சூஸும் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சூஸைக் குடித்த கையா, அதற்குப் பிறகு காப்பி குடித்த கையா, எந்தக் கை முதலில் ஆடியது என்று இந்த இரண்டு மாதமாக எண்ணிப் பார்க்கிறார், பிடிபடவில்லை. சாயங்காலம். ஆமாம், சாயங்காலம். டம்ளரை வாங்கினார், வாயருகே கொண்டுபோனார், கை தனியாக ஒரு குலுக்குக் குலுக்கியது, வேட்டியில் காப்பி. பூவாத்தாள் அடுப்படியில் இருந்தாள், பார்க்கவில்லை. நல்லவேளை பார்க்கவில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் கிளாஸ் பல்லில் இடித்தது. அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போவதில்லை. சர்க்கரை என்று சொல்லிக்கொள்கிறார், சர்க்கரை எல்லாம் கிடையாது. கந்தப்பண்ணனுக்கும் டம்ளரில்தான் ஆரம்பித்தது. அண்ணன், கூடப் பிறந்த அண்ணன், ஐந்து வயது மூத்தவர். முதலில் டம்ளர், அப்புறம் கையெழுத்து, அப்புறம் சட்டைப் பொத்தான். மதனி பொத்தான் போட்டுவிடும்போது அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நரம்பு என்றார்கள், மூளை என்றார்கள், என்னென்னவோ ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரை நாச்சிமுத்து நாக்கில் வைப்பதில்லை. வைத்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதெல்லாம் இருக்கட்டும், காலையில் இட்டிலி தின்ற கை நன்றாகத்தானே இருந்தது. இட்டிலி சிந்தாது. அதுதான் விஷயம். இட்டிலியை வைத்துக் கையைச் சோதிக்க முடியாது.

இன்றைக்குச் சோதித்தாகிவிட்டது. முதல் கோடு ஓடி முடிந்து துணியில் கிடக்கிறது. அதைக் குனிந்து பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இத்தனை நாளும் பழைய லுங்கியிலும் கிழிந்த போர்வையிலும்தான் ஒத்திகை. ஃபோனில் ஓர் அமெரிக்கக்காரம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, வளையம் வளையமாகத் தைத்துக் காட்டுவாள். அவள் பேசுவது ஒரு வார்த்தை புரியாது, கைதான் பேச்சு. அதைப் பார்த்து நாச்சிமுத்துவும் வளையம் போட்டார், கொடி விட்டார், பூப் போட்டார், ஒரு நாள் யாரும் கேட்காமலே மயில் ஒன்றைப் போட்டார். பூவாத்தாள் அதை வாத்து என்றாள். வளைவில் ஒரு சௌகரியம், கை ஆடினாலும் அதுவும் ஒரு வளைவாகிவிடும், பூவுக்கு ஓர் இதழ் கூடும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டு மாதமாக நேர்கோட்டுப் பக்கமே அவர் போகவில்லை, வேண்டுமென்றேதான் போகவில்லை. நேற்று பூவாத்தாள் தன் மெத்தைக்கான மேல்துணியைக் கொண்டுவந்து மெஷினில் ஏற்றியபோது மாட்டிக்கொண்டார். பதினோரு மாதம் ஒட்டுப் போட்ட துணி. வெளிநாட்டுக்காரர்களின் மேசை விரிப்பிலும் தலையணை உறையிலும் கத்தரித்தபின் மிஞ்சிய துண்டுகள். அவள் வேலைக்குப் போன காலத்தில் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தவை. அத்தனையையும் உள்ளங்கை அகல முக்கோணமாக வெட்டி, நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் பாக்குக் கலர் என்று கண்ணுக்குள் வைத்து இணைத்திருக்கிறாள். மகளுக்கு இல்லை, மருமகனுக்கு இல்லை, யார் சீருக்கும் இல்லை. 'இது நம்ம கட்டிலுக்கு' என்றாள். அவள் தனக்கென்று எதையும் தைத்து அவர் பார்த்ததில்லை. மேல்துணிக்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் அடித்துணி, மூன்றையும் சேர்த்து ஓட வேண்டிய கோடுகளைச் சாக்பீஸால் போட்டுக்கொண்டே சொன்னாள்: 'முக்கோணமெல்லாம் தாறுமாறாக் கெடக்குது. மேல நேர்கோடு போனாத்தான் அதை அடக்கும். உங்களுக்கா நேர்கோடு சொல்லித் தரோணும்?' சொல்லித் தர வேண்டியதில்லைதான். ஒரு காலத்தில் டம்ளரில் தண்ணீர் ஊற்றி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு தென்னிலை ரோட்டில் ஓட்டிக் காட்டுவேன் என்று பந்தயம் கட்டிய ஆள். நேராக ஓடுவதற்கென்று இந்த மாதிரி மெஷின்களில் ஒரு பூட்டு இருக்குமாம். இதை வாங்கும்போதே அதைக் காணோம். பூட்டு எதற்கு, நான் இருக்கிறேன் என்று அன்றைக்குச் சொன்ன வாய் இன்றைக்குக் காய்ந்து கிடந்தது.

குனிந்தார். பார்த்தார். சாக்பீஸ் கோட்டின் மேல் நூல் போகிறது, நன்றாகப் போகிறது, போய்க்கொண்டே இருந்து ஓர் இடத்தில் சடக்கென்று ஒரு துள்ளு, பாம்பு தலையைத் திருப்பின மாதிரி. மறுபடி நேராக, மறுபடி துள்ளு. கோடு முழுக்க இதே கதை. பிரித்துவிடலாம், பிரித்தாலும் ஊசி போன ஓட்டை துணியில் நிற்கும், பதினோரு மாதத் துணியில். சீ, ஒரு கோட்டை வைத்து என்ன முடிவுக்கு வருவது. மெஷின் பழசு. பழைய மெஷின் அப்படித்தான்... என்று ஆரம்பித்தவர் தன்னையே பிடித்துக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் பஸ்ஸைச் சந்தில் விட்டு இடித்துவிட்டு, ஸ்டியரிங் சரியில்லை, கிளட்ச் சரியில்லை, சாமி சரியில்லை என்று வந்து நிற்கும்போது டிப்போவில் எல்லோர் முன்னாலும் அதே பழமொழியை எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒரு தடவை ஒருவன் அழுதேவிட்டான். இப்போது எந்த முகத்தோடு மெஷினைக் குறை சொல்வது? எண்ணெய் போட்டாயிற்று, ஊசி புதுசு, பாபின் சுத்தம், நூல் இழுப்பு சரி. கூடத்தில் ஒரு கோணலும் இல்லை. கோணல் ஆடுகிறவனிடம்தான். இரண்டாவது கோட்டை வலப்பக்கத்திலிருந்து திரும்பி ஓட்டினார், கைப்பிடியை நெரித்துப் பிடித்து, மூச்சை அடக்கி, மேட்டில் ஏறுகிற மாதிரி மெதுவாக. துள்ளு. துள்ளு. துள்ளு. அடப் பாவி. சரி, வலது கைதானே எமன், அதை எடுத்துவிடுவோம் என்று வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் மூன்றாவது கோடு. அதிலும் துள்ளு. இடது கையுமா? அண்ணனுக்குக்கூட இடது கைக்கு வர இரண்டு வருஷம் ஆனதே. நமக்கு இரண்டு மாதத்திலா? பஸ் ஓட்டினவனுக்கு எல்லாமே வேகமாகத்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்ததும், அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த வேகத்தில் கண்ணும் நிறைந்தது.

"ஏனுங் டிரைவரே, தனியாச் சிரிக்கறீங்க? வண்டி எந்த ஸ்டாப்புல நிக்குது?" ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சென்னியப்பனின் தலை. தறி ஓட்டி ஓய்ந்த மனிதர், தினமும் பத்தரைக்கு ஜன்னலுக்கு வந்து மெஷினை மேற்பார்வை பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"பிரேக் டவுனுங்க" என்றார் நாச்சிமுத்து, துணிக்கு முன்னால் முதுகை வைத்து மறைத்துக்கொண்டு.

"கண்ணாலத்துக்குப் போவலீங்களா? உங்கூட்டம்மா தனியா ஆட்டோவுல போச்சு, பட்டுச்சேலை கட்டிட்டு. வெத்தல பாக்கு வாங்கறதுக்கே ஆளு வேணும்னு எங்கூட்டுக்காரிகிட்ட சொல்லீட்டுப் போச்சு."

"இதைப் பழகோணுமுங்க. விட்டா மறந்துபோயிரும்."

"அது சரி. அறுபத்தொண்ணுல பூத்தையல். எங்காலத்துல தறி ஓட்டுனவன் பொண்டாட்டிகிட்ட ஊசியக் குடுத்துப்போட்டு ரோட்டுல நிப்பான். நீங்க என்னடான்னா…" என்று இழுத்துவிட்டு, "அந்த வாத்து நல்லா வந்துச்சுங்க. அதையே போடுங்க" என்று சொல்லித் தலை மறைந்தது.

வாத்தாம். மயில் என்று சொல்ல வாய் எடுத்தவர் சொல்லாமல் விட்டார். கல்யாணத்துக்குப் போகாததற்குக் காரணம் மெஷின் என்று பூவாத்தாளிடம் சொன்னது பொய் என்று இந்த வீட்டில் மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். மண்டப வாசலிலேயே காப்பியை நீட்டுவார்கள். நின்றபடி, நாலு சம்பந்திகள் பார்க்க, கொதிக்கக் கொதிக்க விளிம்பு வரை ஊற்றிய காப்பி. கல்யாண வீட்டில் யாரும் குறைத்து ஊற்றுவதில்லை. இந்த வீட்டில்தான் குறைத்து ஊற்றுகிறாள். அதையும் கேட்க வேண்டும். பூவாத்தாள் கையில் ஒரு காலத்தில் டம்ளர் நிறையக் காப்பி வரும், நுரை விளிம்பைத் தாண்டி நிற்கும். கொஞ்ச நாளாக முக்கால் டம்ளர்தான். பால் விலை ஏறியது என்று நினைக்கிறாளோ, வயசான ஆளுக்கு இது போதும் என்று நினைக்கிறாளோ. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை, டம்ளரைப் பற்றிய எந்தப் பேச்சையும் எடுக்க அவருக்கு வாயும் வரவில்லை. டம்ளர் என்று ஆரம்பித்தால் கை என்று முடியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் லேசா. தினமும் இரண்டு வேளை மறைக்க வேண்டியிருக்கிறது. காப்பி கொஞ்சம் ஆறட்டும் என்று கீழே வைத்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார், சின்னக் குழந்தை மாதிரி. அவளிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அவள் அழ மாட்டாள். அடுத்த நாளே சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்து நிற்பாள். அதைத்தான் தாங்க முடியாது. ஃபோன் அடித்தது. அவள்தான்.

பின்னால் நாதஸ்வரம், குழந்தைகளின் கூச்சல், எதையோ தரையில் போட்டு உடைக்கும் சத்தம். "என்னங்க, கேக்குதா? தாலி கட்டியாச்சு. பந்திக்கு உக்காரப் போறேன். அவியல் வாசம் தூக்குது. ஆரம்பிச்சுட்டீங்களா?"

"உம்."

"எப்படிப் போவுது?"

"போவுது."

"நேராப் போவுதா?"

"நேராப் போவாம எங்க போவும்?" என்றார். என்றதும், முப்பத்தோரு வருஷத்தில் ஒரு விபத்தும் இல்லாத தன் வாய் இப்போது நேராகப் போய் மரத்தில் மோதியது அவருக்குத் தெரிந்தது.

"சரி சரி, ஒரேயடியா நின்னு காலை ஒடிச்சுக்காதீங்க. நடுவுல உக்காருங்க. ஒரு மணிக்குள்ள வந்தர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

உட்காரு என்று அவள் சொன்னதால்தான் உட்கார்ந்தார்; அவள் சொல்லாவிட்டால் ஒரு மணி வரை நின்றுகொண்டே வேர்த்திருப்பார். மெஷினின் ஒரு கோடியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்து, அந்தக் கை ஆடுகிறதா என்று கன்னத்தால் கவனித்துக்கொண்டு உட்கார்ந்தார். கை ஆடவில்லை. இப்போது ஆட மாட்டான், பொல்லாதவன், ஆள் பார்க்கும்போது சும்மா இருப்பான். வாசல் வெளிச்சம் துணியின் மேல் சாய்வாக விழுந்திருந்தது. முக்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் அவருடைய மூன்று கோடுகள், கோட்டில் முடிச்சு முடிச்சாகத் துள்ளல்கள். நின்று பார்த்தபோது ஒரே அலங்கோலமாகத் தெரிந்தது, உட்கார்ந்து பக்கவாட்டில் பார்க்கும்போது அத்தனை அலங்கோலமாக இல்லை. ஏன் இல்லை? முதல் கோட்டின் துள்ளலுக்கு நேர் கீழே இரண்டாவது கோட்டின் துள்ளல். அதற்கு நேர் கீழே மூன்றாவது. வகுப்பில் பையன்களை வரிசையில் நிறுத்தின மாதிரி. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, ஒரு ஒட்டைச்சாண், முதல் துள்ளலில் கட்டைவிரலை வைத்தார். ஆள்காட்டி விரல் அடுத்த துள்ளலில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒன்று. உட்கார்ந்தது. ஏழடித் துணி முழுக்க விரல் நடந்துகொண்டே போனது, ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கிற பஸ் மாதிரி இது எங்கே துள்ள வேண்டும் என்று அட்டவணை வைத்துக்கொண்டா துள்ளுகிறது? கை ஆடுவதற்கு ஏது அட்டவணை? அப்போதுதான் தாவூது பாய் வந்தார். இறந்து பதினைந்து வருஷம் ஆன மனிதர், டிப்போ மெக்கானிக், வாயில் எப்போதும் ஒரு பாக்குத் துண்டு, நாச்சிமுத்துவின் மண்டைக்குள் ஏணி போட்டு இறங்கி வந்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். சின்னத்தாராபுரம் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் உதறுகிறது. யாரிடமும் சொல்லவில்லை, நாலு நாள், தன் கைதான் பயந்து நடுங்குகிறது என்று நினைத்து உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினார். ஐந்தாம் நாள் பாயே கேட்டார், என்னப்பா மூஞ்சி இப்படிக் கெடக்குது என்று. கேட்டுவிட்டு, வண்டியில் கூட ஏறிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: 'எண்ணுப்பா. எண்ணிக்கையோட வந்தா அது சக்கரம். எண்ணிக்கையில்லாம வந்தா அது நீ.' எண்ணினார்கள். எண்ணிக்கையோடுதான் வந்தது. முன் சக்கரத்தில் டயர் வீங்கியிருந்தது. அன்றையிலிருந்து ரிட்டயர் ஆன நாள் வரை, விடியற்காலை வண்டியை எடுக்குமுன் கையில் கம்பியோடு ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு டயராகத் தட்டி, அதன் சத்தத்தைக் கேட்காமல் நாச்சிமுத்து சீட்டில் ஏறினதே கிடையாது.

இந்த வண்டியில் ஏறியிருக்கிறார். இரண்டு மாதமாக, தினமும், டயரைத் தட்டாமல்.

அவருக்கு உடம்பெல்லாம் வெட்கம் பிடுங்கியது; அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம், சொல்லக்கூடாத அளவுக்குச் சந்தோஷம், இருக்குமோ இருக்காதோ என்று கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. அவசரப்படாதே. காப்பி யார் கையிலும் ஒரு நாள் சிந்தும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரி, ஆனால் பேய் இல்லை என்று விளக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதானே சொல்ல வேண்டும். ஃபோன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார், துணி உருளைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பஸ்ஸுக்கு அடியில் போகிற மாதிரியே முதுகால் நகர்ந்து நகர்ந்து போனார். மேலே துணியின் அடிப்பக்கம், வானம் மாதிரி வெள்ளையாக. பக்கத்தில் தண்டவாளம் போல இரண்டு பட்டை, பட்டையின் மேல் தகர மூடிக்குள் மெஷினின் தலையைத் தாங்கிக்கொண்டு, இருக்கின்றன ஐயா, இருக்கின்றன, சக்கரங்கள். நாலு சக்கரம், பலகார வடை அளவில் நாலு குட்டிச் சக்கரம். இதென்ன லாரியா என்று கேட்டு எலுமிச்சம்பழத்தைச் சூஸ் போட்டுக் குடித்தவனே, வந்து பார். மூடியின் திருகாணியைக் கழற்றி முதல் சக்கரத்தை விரலால் சுற்றினார், சுத்தம். இரண்டாவது; சுத்தம். மூன்றாவதை இன்னும் மெதுவாகச் சுற்றினார், அதுவும் சுத்தமாக இருந்தது. நாலாவதும் சுத்தமாக இருந்துவிட்டால்? இருந்துவிட்டால் அப்புறம் கூடம் நேர், ஆடுகிறவன்தான் கோணல், அப்புறம் அண்ணனுக்கு ஆன மாதிரி ஜன்னல், பொத்தான். நாலாவதைத் தொடாமல் கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சத்தில் படுத்துக் கிடந்தார். வெளியே தெருவில் ஒருவன் வெங்காயம் விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்து மூலை திரும்பும் வரை காத்திருந்துவிட்டு, விரலை நீட்டி நாலாவது சக்கரத்தைச் சுற்றினார். அது பாதி சுற்றி, ஒரு துள்ளு துள்ளி, மீதி சுற்றியது.

பூவாத்தாளின் முள்வாங்கியால் பிடுங்கினார். சக்கரத்தின் ஓரத்தில் ஒரே இடத்தில் அமுங்கி அமுங்கிக் கல்லாகிப்போன நூல். சிவப்பு நூல், இந்த வீட்டில் இல்லவே இல்லாத சிவப்பு. எந்தக் கம்பெனியில் எந்த வருஷம் அறுந்து விழுந்ததோ, அதோடு சுற்றிக்கொண்டு நீளமாக ஒரு பெண்ணின் தலைமுடி. யார் பெற்ற பிள்ளையோ, தலை வாரி முடியக்கூட நேரமில்லாமல் ஷிப்டுக்கு ஓடிவந்து இதே கைப்பிடியைப் பிடித்து நின்றிருக்கிறாள். அவளும் கோடு துள்ளுகிறதே என்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாளோ? உன் மேலே தப்பில்லை சாமி என்று அந்த முடியிடம் சொன்னார், சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு, சக்கரத்தை மறுபடி சுற்றினார். வெண்ணெயாக ஓடியது. ஆடத் தெரியாதவள் கதை ஆயிரம் வருஷமாக நடக்கிறது, ஆயிரம் தடவையும் அவள் மேல்தான் தப்பு. இந்த ஒரு தடவை கூடம் நிஜமாகவே கோணல். வெளியே வந்து, மூச்சு வாங்கி, சாமி படத்தைப் பார்க்காமல் தாவூது பாய் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றிய மூலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாலாவது கோட்டை ஆரம்பித்தார். கால் பிரேக்கைத் தேடியது. தேடட்டும். ஒரு ஒட்டைச்சாண் போனது. இரண்டு. துள்ளல் வர வேண்டிய இடத்தை வண்டி வேகத்தடை இல்லாத ரோடு மாதிரி தாண்டிப் போனது. மஞ்சள் முக்கோணம், நீல முக்கோணம், பாக்குக் கலர், தென்னிலை, சின்னத்தாராபுரம், மூலனூர் பிரிவு, ஊர் ஊராகப் பின்னால் போயின, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தின மாதிரி துணியின் ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சாக்பீஸ் கோடே கொஞ்சம் வளைந்திருந்தது. இவர் தைத்தது நேராக இருந்தது. பத்துக் கோடு ஓட்டினார். பதினைந்து ஓட்டினார். ஹாரன் அடிக்க வேண்டும் போலிருந்தது, இல்லாததால் வாயாலேயே ஒரு தடவை அடித்தார். ஜன்னலில் சென்னியப்பனின் தலை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமலே போய்விட்டது.

ஆட்டோ வந்து நின்றபோது மணி ஒன்றேகால். பூவாத்தாள் தாம்பூலப் பையும் தேங்காயுமாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தலையில் கொண்டை நிறையப் பூ. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். இருபத்திரண்டு வருஷம் பிழை பிடித்த கண். அதன் முன்னால் எதுவும் தப்பாது. கடைசிக் கோட்டிலிருந்து விரலை வைத்து மேலே மேலே வந்தவள், முதல் மூன்று கோட்டில் நின்றுவிட்டாள்.

"இதென்னங்க, இங்க மட்டும்?"

இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. "என்ர கைன்னு நெனச்சுட்டேன் புள்ள. கந்தப்பண்ணனுக்கு வந்ததுதான் வந்துருச்சுன்னு… கையி இல்ல. சக்கரம். அடியில நாலு சக்கரம் இருக்குது. நூலு சுத்திக் கெடந்துது" என்று ஸ்டூல் மேல் வைத்திருந்த சிவப்பு நூல் உருண்டையைக் காட்டினார், பிள்ளை பல்லு விழுந்ததைக் காட்டுகிற மாதிரி.

அவள் நூல் உருண்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "அன்னிக்கே எலுமிச்சம்பழம் வெச்சிருந்தா சக்கரத்தைப் பாத்திருப்பீங்க" என்றாள். "உங்களுக்குச் சூஸு கேட்டுது."

"இந்த மூணையும் பிரிச்சறட்டுமா?"

"எதுக்கு? கெடக்கட்டும். கால்மாட்டுப் பக்கம் போட்டுக்கலாம்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வெயிலில் வந்த வியர்வைதான் என்பது போல. பிறகு பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிற சத்தமும் டவராவில் ஆற்றுகிற சத்தமும் கேட்டன. மத்தியானம் ஒன்றரைக்கு அந்த வீட்டில் யாரும் காப்பி குடிப்பதில்லை. அவள் வரும்போது மெதுவாக, ஒவ்வொரு அடியாக, கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டம்ளரில் காப்பி விளிம்பு வரை இருந்தது. நுரை விளிம்பைத் தாண்டி நின்றது.

நாச்சிமுத்து டம்ளரைப் பார்த்தார். முக்கால் டம்ளர், முக்கால் டம்ளர், இரண்டு மாதம் முழுக்க முக்கால் டம்ளர். பால் விலையாம்.

"உனக்குத் தெரியுமா புள்ள?"

"வேட்டியைத் தொவைக்கறது ஆரு?" என்றாள் பூவாத்தாள். "புடிங்க, ஆறுது."

அவர் கையை நீட்டி வாங்கினார். வாங்கும்போது ஒரு சொட்டு வழிந்து தரையில் விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"அது நான் ஊத்துனதுல தளும்புனது" என்றாள் அவள், காலால் அதைத் துடைத்துக்கொண்டே. "நீங்க குடிங்க."